மழைக்காலமும் எல்.இ.டி. பல்புகளும்: டேஷ்போர்டு எச்சரிக்கை எரிந்தால் செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீடிக்கும் வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்து, மங்கிய பழைய பல்புகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. பல்புகளைப் பொருத்திக்கொள்ளும் கார் உரிமையாளர்கள் பலர், அதன்பின் டேஷ்போர்டில் பல்பு வடிவிலான மஞ்சள் குறி எரிவதையும் இண்டிகேட்டர் வழக்கத்தைவிட மிக வேகமாகத் துடிப்பதையும் காண்கின்றனர். இவை பெரும்பாலும் புதிய பல்பு பழுது என்பதற்கான அடையாளங்கள் அல்ல. ஆயினும் குறியை எப்படியாவது அணைத்துவிட்டால் போதும் என்று கருதுவது, மழைநாள்களில் ஓட்டுநருக்குத் தேவையான ஓர் அறிவிப்பை நிரந்தரமாக இழப்பதில் முடியும்.

பிரேக் விளக்கிலும் இண்டிகேட்டரிலும் வழக்கமாக உள்ள 21 வாட் இழை பல்பு, அதாவது டங்ஸ்டன் கம்பி சூடேறி ஒளிவிடும் பழைய வகைப் பல்பு, 12 வோல்ட்டில் ஏறத்தாழ 1.75 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். அதன் இடத்தில் பொருத்தப்படும் எல்.இ.டி. பல்போ பெரும்பாலும் அரை ஆம்பியருக்கும் குறைவாகவே எடுக்கும். காரின் விளக்குகளை ஆளும் மின்னணுப் பெட்டியான பாடி கண்ட்ரோல் மாட்யூல் ஒளியை அளப்பதில்லை, மின்னோட்டத்தை மட்டுமே அளக்கிறது. எனவே மின்னோட்டம் எதிர்பார்த்த அளவுக்குக் கீழே இறங்கியதும் இழை அறுந்துவிட்டதாகக் கொண்டு எச்சரிக்கையை எழுப்புகிறது. இண்டிகேட்டரின் வேகத் துடிப்பும், ஒரு பல்பு அணைந்துவிட்டதை ஓட்டுநருக்குத் தெரிவிக்கவே அமைக்கப்பட்டது. சில கார்களில் விளக்கு அணைந்திருக்கும்போதும் சோதனைக்காக நுண்ணிய மின்துடிப்புகள் அனுப்பப்படுவதால், எல்.இ.டி. பல்பு மங்கலாக மினுங்கக்கூடும்.

ஆகவே முதல் வேலை, கழற்றிய பழைய பல்பை அதே ஹோல்டரில் மீண்டும் பொருத்திப் பார்ப்பது. பல பல்புகள் மாற்றப்பட்டிருந்தால் ஒவ்வொன்றாகவே இதைச் செய்ய வேண்டும். குறி அணைந்தால் காரணம் மின்னோட்டக் குறைவு என்று உறுதியாகும். அணையாவிட்டால், ஈரத்தால் ஹோல்டரின் உலோக முனைகளில் படிந்த பச்சைக் களிம்பையும், விளக்கின் எர்த் ஒயர் காரின் உடலோடு இணையும் இடத்தில் ஏறிய துருவையும் தேட வேண்டும். மழைக்காலத்தில் இவையே அடிக்கடி அகப்படும். புதிய பல்பு எரியவே இல்லையெனில், எல்.இ.டி.க்கு நேர்முனையும் எதிர்முனையும் உண்டு என்பதால், கழற்றித் திருப்பிப் போட்டாலே சில வகைகள் எரிந்துவிடும். சில கார்களில் பிரேக் விளக்கின் மின்சுற்றில் கோளாறு தெரிந்தால் வழுக்கல் தடுப்பு அமைப்பின் குறியும் உடன் எரிவதுண்டு. ஆனால் எண்ணெய் அழுத்தம், எஞ்சின் வெப்பம், பிரேக் திரவம் ஆகியவற்றின் சிவப்புக் குறிகளைப் பல்பு மாற்றத்தின் விளைவு என்று எண்ணிவிடாமல், உடனே பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டும்.

காரணம் மின்னோட்டக் குறைவே என்று தெரிந்ததும் ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் வழக்கமாகச் சொல்லும் தீர்வு, பல்புக்கு இணையாக 6 ஓம் மின்தடை ஒன்றை, அதாவது லோடு ரெசிஸ்டரைப் பொருத்துவது. எஞ்சின் ஓடும்போது கிடைக்கும் 13.5 வோல்ட்டில் அது 2.25 ஆம்பியர் எடுத்து ஏறத்தாழ 30 வாட்டை வெப்பமாக வெளிவிடும். விட்டுவிட்டு எரியும் இண்டிகேட்டரில் அந்த வெப்பம் பாதியாகக் குறையும். தண்ணீர் தேங்கிய சென்னைச் சாலையில் நெடுநேரம் பிரேக்கை மிதித்தபடி ஊர்ந்து செல்லும்போதோ, பிரேக் விளக்கின் ரெசிஸ்டர் 100 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சூடேறக்கூடும். அதை ஒயர்க் கற்றையிலோ பிளாஸ்டிக்கிலோ ஒட்டவைத்தால் அவை உருகும். உலோகத் தகட்டில் திருகி இறுக்குவது கட்டாயம். இதைவிடக் கவலை தரும் குறை வேறொன்று உண்டு. எல்.இ.டி. பல்பு பின்னாளில் உண்மையாகவே பழுதானாலும் ரெசிஸ்டர் தொடர்ந்து மின்னோட்டத்தை எடுத்துக்கொண்டிருப்பதால், விளக்கு நலமாக இருப்பதாகவே கார் கருதும்; கொட்டும் மழையில் பிரேக் விளக்கு இல்லாமல் போவது ஓட்டுநருக்குத் தெரியாது. எச்சரிக்கை எழாது எனக் கூறி கேன்பஸ் பல்பு என்று விற்கப்படுபவற்றில் பலவும் அதே மின்தடையைத் தமக்குள் அடக்கியவையே. பழைய கார்களில் இண்டிகேட்டரைத் துடிக்கவைக்கும் ஃப்ளாஷர் ரிலேயை எல்.இ.டி.க்கு உரியதாக மாற்றினால் வெப்பம் இராது. ஆனால் பல்பு போனதை அறிவிக்கும் வேகத் துடிப்பு அதிலும் பெரும்பாலும் கிடைக்காது. எனவே பிரேக் விளக்கிலும் இண்டிகேட்டரிலும், குறைந்தது மழைக்காலம் முடியும் வரையிலாவது, உற்பத்தியாளர் குறிப்பிட்ட இழை பல்பையே வைத்திருப்பது நல்லது, உள்விளக்குக்கு எல்.இ.டி. தாராளமாகப் போதும்.

ஹெட்லைட்டில் வேறு சிக்கல்கள் உள்ளன. இழை பல்புக்கென வடிவமைத்த பிரதிபலிப்பானில் எல்.இ.டி.யைப் பொருத்தினால் ஒளி சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யலாம். உற்பத்தியாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் தடுக்கிறது. பல்பின் பின்னுள்ள விசிறியால் ரப்பர் மூடி சரியாகப் பொருந்தாமல் மழைநீர் உள்ளே புகுவதும், முன்பு இழையின் வெப்பத்தில் உலர்ந்த ஈரம் இப்போது கண்ணாடியிலேயே தங்குவதும் உண்டு. மூடி முழுமையாக அடைபடாத பல்பைக் கழற்றிவிட வேண்டும்.

பழைய கார்களின் மீட்டர் போர்டில் உள்ள பேட்டரிக் குறியின் பல்பை மட்டும் மாற்றாமல் விடுவது அவசியம். ஆல்டர்னேட்டர் மின்சாரம் உண்டாக்கத் தொடங்குவதற்கான சிறு மின்னோட்டம் அத்தகைய பல கார்களில் அந்தப் பல்பின் வழியாகவே செல்கிறது, எல்.இ.டி. அதைக் குறைத்துவிட்டால், எஞ்சின் வேகம் கூடும் வரை பேட்டரி சார்ஜ் ஏறாமல் போகலாம், வைப்பரும் ஹெட்லைட்டும் ஒருசேர ஓடும் மழையிரவில் பேட்டரி இறங்கியும்விடலாம். ஏற்கெனவே மாற்றியிருந்தால், வண்டியைக் கிளப்பியவுடன் ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும், 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்டாமல் 12 வோல்ட்டை ஒட்டியே நின்றால், முதலில் அந்த ஒரு பல்பை மீண்டும் இழை பல்பாக மாற்றிச் சோதிக்க வேண்டும்.