ஒல்லாந்தர் குழலாம், தாங்குமாம்!

பெரும்போக வேளாண்மை குடலைக்கு வந்து, பன்றியும் யானையும் வயலுக்குள் இறங்கத் தொடங்கினால், மட்டக்களப்பில் வெல்லாவெளி, வவுணதீவு, உன்னிச்சைப் பக்கம் ஒரு கதையும் கூடவே இறங்கிவிடும். “பழைய குழல் ஒன்று கிடைச்சாப் போதும் சேர். ஒல்லாந்தர் காலத்து இரும்பு. எவ்வளவு மருந்து இடிச்சாலும் தாங்கும். பிடங்கும் குதிரையும் புதுசாப் போட்டால் சோக்கான இடியன் துவக்கு!” உலோக வேலை படிப்பித்தவன் என்பதால் இதற்கு என் வாயாலும் ஒரு ‘ஓம்’ வாங்கிவிடப் பார்க்கிறார்கள். கிடைக்காது.

நம்பிக்கை: பழைய குழல் இந்தக் காலத்து இரும்பைவிடப் பலம்.

உண்மை: முதலில் அந்த ‘ஒல்லாந்தர்’ கதையை முடிப்போம். சாக்கில் சுற்றி வந்த ஒரு குழலின் அடிப்பக்கத்தை மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துப் பார்த்தேன். துருவுக்குள்ளிருந்து ஒரு கிரீடம், அதன்கீழ் குறுக்கே கிடந்த இரண்டு செங்கோல், இடுக்குகளில் ஆங்கில எழுத்துகள். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்துச் சோதனைச்சாலை முத்திரை அது. அந்தச் சாலை சட்டத்தால் அமைந்தது 1813-ல். ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையை ஆங்கிலேயரிடம் இழந்ததோ 1795-ல். போனவர்கள் திரும்பிவந்து முத்திரை குத்தினார்களா?

அந்த முத்திரைக்கும் அளவுக்கு மிஞ்சி அர்த்தம் வேண்டாம். வழக்கத்தைவிடக் கூடுதலாக மருந்து போட்டுச் சுட்டபோது, அன்றைக்குக் குழல் பிளக்கவில்லை என்பதற்கே அது சாட்சி. பேரனின் பேரன் காலத்துக்கும் செல்லுபடியாகும் உத்தரவாதம் இல்லை.

இனி இரும்பு. அக்காலத்து மலிவுக் குழல் எப்படிப் பிறந்தது? நீளத் தகட்டை ஒரு கம்பிமேல் வளைத்து, ஓரத்தோடு ஓரத்தைக் கொல்லன் உலையில் காய்ச்சி அடித்து ஒட்டினார்கள். அந்த இரும்புக்குள் கசடு நார்நாராக நெடுக்கே ஓடும். மருந்து வெடிக்கும்போது அமுக்கம் குழலைப் பக்கவாட்டில்தான் பிய்க்கப் பார்க்கும், அதாவது நாருக்குக் குறுக்கே. கமுகு எந்தத் திசையில் பிளக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இந்தப் பலவீனம் தெரிந்துதான் நல்ல கொல்லர்கள் இரும்புப் பட்டியைச் சுருளாகச் சுற்றிக் குழல் செய்தார்கள். பலம் கூடியது, ஆனால் நுனி முதல் அடிவரை ஒட்டுத்தான். எந்த ஒட்டில் துரு நுழைந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. இன்று துவக்குக் குழலுக்குப் பயன்படும் உருக்கு, அந்த இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இழுவை தாங்கும்.

அடுத்தது உப்பு. கரிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் புகையாகவும் கசடாகவும்தான் மிஞ்சும். குழலில் படியும் அந்த உப்புக் கசடு ஈரத்தை உறிஞ்சும். நமது வாவிக் காற்றைப் பற்றிச் சொல்லவா வேண்டும், வாசல் கேற்றையே இரண்டு மாரியில் தின்றுவிடும். வெளியே எண்ணெய் பூசி மினுக்குகிறார்கள். உள்ளே யார் பார்க்கிறார்கள்? குழி விழுவது பெரும்பாலும் மருந்து இருக்கும் அடிப்பக்கத்தில். அமுக்கம் உச்சத்தில் இருப்பதும் அங்கேதான், உங்கள் கண்ணும் கன்னமும் கிட்ட இருப்பதும் அங்கேதான். சுவர் பாதியாக மெலிந்தால் அது சுமக்கும் இழுவை இரண்டு மடங்காகும். இந்த இலட்சணத்தில் ‘எவ்வளவு மருந்தும் தாங்குமாம்’! தோட்டாவை உடைத்து எடுத்த புகையில்லா மருந்தை இதற்குள் போடுகிறவனுக்கோ புத்தி சொல்லிப் பயனில்லை. 1884-ல் பிரான்சில் உருவான அந்த வகை மருந்தின் அமுக்கத்துக்காகச் செய்த குழல் அல்ல இது.

“எங்கட அப்பப்பா சுட்டவர், ஒண்டும் நடக்கல்லையே” என்பார்கள். குழல் வெடித்து விரல் போனவன் சந்தையில் நின்று கதை சொல்வதில்லை. அதனால் நல்ல கதை மட்டும் உலாவுகிறது.

நம்பிக்கை: இடியனுக்கு லைசன் தேவையில்லை, அது பழம்பொருள்.

உண்மை: சுடக்கூடியது என்றால் துவக்குத்தான். 1916-ம் ஆண்டின் 33-ம் இலக்கச் சுடுகலன் சட்டம் உங்கள் குழலின் வயதுக்கு மரியாதை தராது. லைசன் இல்லாமல் செய்வதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம்.

நம்பிக்கை: ஒரு வெடி பட்டால் யானை திரும்பி வராது.

உண்மை: வரும், காயத்தோடும் கோபத்தோடும். சன்னம் புதைந்த இடம் சீழ்வைத்து மாதக்கணக்கில் அழுகி, யானை சாகும். அதுவரை யார் எதிர்ப்பட்டாலும் மிதிக்கும். பாதையில் கம்பி இழுத்துக் கட்டுத்துவக்கு கட்டுகிறவர்களுக்கு ஒரே கேள்வி: விறகுக்குப் போகிறவரின் காலையும் பன்றியின் காலையும் அந்தக் கம்பி எப்படிப் பிரித்தறியும்? யானை ஆய்வாளர் கலாநிதி பிரித்திவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு 2020-ல் கொடுத்த திட்டத்தில் வழி இருக்கிறது: விதைப்போடு வயலைச் சுற்றிப் போட்டு, அறுவடை முடிந்ததும் கழற்றும் மின்வேலி. குழலுக்குக் கொடுக்கும் காசை அதற்குக் கொடுங்கள்.

நம்பிக்கை: துவக்கு வெள்ளைக்காரன் வித்தை; நம் நாட்டுக் கொல்லனுக்கு என்ன தெரியும்?

உண்மை: இதற்குத்தான் எனக்கு அதிகம் கோபம் வரும். இலங்கைக் கொல்லர் செய்த குழல்களின் மினுக்கத்தை 1596-ல் அச்சான தன் நூலில் புகழ்ந்தவர் லின்ஸ்கோட்டன் என்ற ஒல்லாந்தர். சிங்களக் கொல்லர் துவக்கில் சுடும் பொறி இடப்பக்கம் இருக்கும். பிடங்கின் கடைசி இரண்டாகப் பிரிந்து சுருளும். ஐரோப்பியனைப் பார்த்துக் கற்றார்கள், பிறகு தங்கள் கைக்கு மாற்றினார்கள். 1765-ல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையில் அள்ளிப்போன பெரிய துவக்குகள் இரண்டு, பீரங்கியோடு 2023-ல் கொழும்புக்குத் திரும்பிவிட்டன. மட்டக்களப்புக்கு என்ன குறை? 1602-ல் ஒல்லாந்தக் கடற்தளபதி ஸ்பில்பேர்கன் வந்திறங்கிய கரை இது. 1628-ல் போர்த்துக்கீசர் கட்டி, 1638-ல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை புளியந்தீவில் நிற்கிறது. அதில் ஓர் அறை ஒதுக்கி, போடியார் வீட்டுப் பரணில் துருப்பிடிக்கும் குழல்களைச் சட்டப்படி வாங்கி, அடியை அடைத்து, எந்த ஊர் முத்திரை என்று எழுதி வைக்கலாமே. உலை மூட்டத் தெரிந்த கடைசிக் கொல்லர்களைப் பேசவிட்டுப் பதிவும் செய்யலாம். கச்சேரிக்குக் கடிதம் எழுத ஆள் தேவையென்றால் நான் எழுதுகிறேன். குழல் வாங்கித்தரச் சொல்லி மட்டும் யாரும் என் படலையைத் தட்டவேண்டாம்.