மாறிக்குள் இருப்பது என்ன?

இயற்கணிதத்தில் 'எக்ஸ் என்க' என்று தொடங்குகிறோம். அதன் மதிப்பு கண்டுபிடிக்கும்வரை தெரியாது. அதனால் எவருக்கும் தீங்கில்லை. கணிப்பொறியில் அப்படியன்று. அங்கே மாறி என்பது நினைவகத்தில் ஓர் இடம். அவ்விடத்தில் எப்போதும் ஏதோ ஓர் எண் இருந்தே தீரும். நாம் மதிப்பு எதுவும் தராவிட்டால், முன்பு அங்கே எழுதப்பட்ட பழைய எண்ணே நிற்கும். முந்தைய பீரியடில் எழுதியதை அழிக்காமல் அதே கரும்பலகையில் நம் கணக்கைத் தொடங்குவது போன்றதே இது.

1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியில், செயற்கூறுகளுக்கு வெளியே உள்ள மாறிகள் பூஜ்யத்தில் தொடங்கும். உள்ளே பிறக்கும் மாறிகளை மட்டும் யாரும் துடைப்பதில்லை. ஒரு செயற்கூறு இலட்சக்கணக்கான முறை ஓடலாம். ஒவ்வொரு முறையும் துடைப்பது வேகத்தைக் குறைக்கும்.

விடை தவறுவது சிறிய தொல்லைதான். அந்த மிச்சத்தில் யாரோ ஒருவரின் கடவுச்சொல் இருந்தால்? இயக்க முறைமை ஒரு நிரலுக்குத் தகவல் தரும்போது, நிரப்பப்படாத பகுதியோடு அந்த இரகசியமும் வெளியே போய்விடும். கம்பைலர் எச்சரிக்கும் என்பது உண்மையே. ஆனால் மாறி பல செயற்கூறுகளைக் கடந்து சென்றால் அதன் கண்ணுக்கும் தப்பிவிடும்.

ஆகவே கம்பைலரே மதிப்பை இட்டுவிடும் வசதி வந்தது. க்ளாங் 2019இல் வந்த 8ஆம் பதிப்பிலும், ஜிசிசி 2022இல் வந்த 12ஆம் பதிப்பிலும் இதைச் சேர்த்தன. எதை இடுவது என்பதில்தான் வழக்கு! ஒரு கட்சி, விசித்திரமான எண்ணை இடவேண்டும், அப்போதுதான் பிழை வெளிப்படும் என்றது. ஜிசிசி அவ்வாறு ஒவ்வொரு பைட்டிலும் 254 இடுகிறது. மறுகட்சி பூஜ்யமே போதும் என்றது. நீளம் பூஜ்யமானால் எதுவும் நகலாகாது. முகவரி பூஜ்யமானால் நிரல் பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் யூனிக்ஸில் பயனர் எண் 0 என்றால் சர்வ அதிகாரமும் உள்ள நிர்வாகி! மறந்துபோன மாறி ஒருவரை அரியணையில் ஏற்றிவிடலாம்.

பூஜ்யத்தை நம்பியே எல்லோரும் எழுதப் பழகி, சி மொழி இரண்டாகப் பிரிந்துவிடும் என்றும் சிலர் அஞ்சினர். அதனால் க்ளாங்கில் பூஜ்யம் கேட்பவர், 'இது நீக்கப்படும் என்று அறிந்தே கேட்கிறேன்' என்னும் பொருள்பட ஒரு நீண்ட கட்டளையையும் சேர்த்து எழுதவேண்டியிருந்தது. (ஏறக்குறைய மன்னிப்புக் கடிதம்தான்!) கடைசியில் நீக்கப்பட்டது அந்தக் கட்டளையே, 2023இல் 16ஆம் பதிப்பிலிருந்து அது தேவையில்லை. 2020இல் வந்த ஆண்ட்ராய்டு 11 பூஜ்யத்தையே ஏற்றது. சோதிக்கும்போது விசித்திர எண்ணும், மக்கள் கைக்குப் போகும்போது பூஜ்யமும் நல்லவை என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

செலவு? மாறியைப் படிக்குமுன் நாமே மதிப்புத் தருகிறோம் என்று கண்டால், கம்பைலர் தான் இட்டதை நீக்கிவிடும். பெரிய அணிகளில்தான் வேகம் குறையும். பூஜ்யம் இட்ட பிறகும் ஜிசிசி தன் எச்சரிக்கையை நிறுத்துவதில்லை.