கூரையும் மூச்சு விடணும்!



பாலசமுத்திரத்தில் ஒரு குழுக் கூட்டம். உறுப்பினர் ஒருவர் பெரிய தொகைக்குக் கடன் மனு வைத்தார். "எதுக்கும்மா இவ்வளவு?" என்று ஊக்குநர் கேட்டார். "ஓட்டு வீடுக்கா. சமையல்கட்டுல சட்டமெல்லாம் இத்துப்போச்சு. வீடு பூராம் பிரிச்சுக் கட்டணும். மக காலேஜ் பீசுக்கு என்ன பண்றதுன்னு தெரியல" என்று கண் கலங்கினார்.

மறுநாள் நாலு பேர் போய்ப் பார்த்தோம். பக்கத்து அறையும் அதே வருஷம் கட்டியது. அதே மரம், அதே சீமை ஓடு. ஆனால் அங்கே சட்டம் கெட்டியாக இருக்கிறது! சமையல்கட்டு மட்டும் ஏன் இத்துப்போனது?

மேலே பார்த்தோம். தூசியும் அணிலும் வருகிறது என்று ஓட்டுக்குக் கீழே பிளாஸ்டிக் பாய் இழுத்துக் கட்டியிருந்தார். சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே இருந்த சந்தையும் சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார். காரணம் அதுதான்.

காற்று ஏன் வேணும்?

சோறு வடிக்கும்போது வரும் ஆவி மேலேதான் போகும். வெளியேற வழி இல்லையென்றால் கூரையில் தங்கிவிடும். கார்த்திகை, மார்கழி ராத்திரியில் ஓடு குளிர்ந்ததும், அந்த ஆவி தண்ணீராக மாறி சட்டத்திலும் ரீப்பரிலும் இறங்கும். குளிர்ந்த தண்ணீர்ச் சொம்பின் வெளிப்புறம் வேர்க்கிறதே, அது போலத்தான். ஈரம் காயாத மரத்தில் பூஞ்சை பிடிக்கும், கரையானும் ஏறும். மழையில் ஒழுகினால் நமக்குத் தெரிகிறது. உள்ளே வேர்ப்பது தெரிவதில்லை.

ஓட்டு வீட்டுக்குச் செய்ய வேண்டியவை

1. காற்றுக்கு இரண்டு வழி வேண்டும். கீழே ஜன்னல், மேலே முகட்டுக்குப் பக்கத்தில் ஒரு திறப்பு. சூடான காற்று மேலே போக, கீழே இருந்து புதுக்காற்று வரும். ஒரு வழி மட்டும் இருந்தால் பலன் குறைவு.

2. அணில், எலி வராமல் இருக்க சந்தை அடைக்காதீர்கள். கம்பி வலை அடியுங்கள்.

3. ஆனி, ஆடிக் காற்றில் ஓடு நகரும். தென்னை மட்டை விழுந்து உடையும். காற்றுக் காலம் முடிந்ததும், ஐப்பசி மழைக்கு முன்னால், உடைந்த ஓட்டை மாற்றுங்கள். பகலில் வீட்டுக்குள் இருந்து பார்த்தால் வெளிச்சம் வரும் இடம் தெரியும்.

4. ஓட்டு மேல் சேரும் சருகைத் தள்ளிவிடுங்கள். சருகு தண்ணீரைத் தேக்கி உள்ளே திருப்பிவிடும்.

5. சுவரில் கரையான் மண்கோடு தெரிந்தால் உடனே சுரண்டி, மரத்தைத் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று உள்ளீடற்ற சத்தம் வந்தால் ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

தளம் போட்ட வீடு

தொகுப்பு வீடுகளில் தண்ணீர் தேங்குவதுதான் முதல் எதிரி. விரிசல் வழியே ஈரம் இறங்கி உள்ளே கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி உப்பும், உப்பினால் காரை பெயர்ந்து விழும். பெயர்ந்த இடத்தைச் சும்மா பூசி மறைக்காதீர்கள். கொத்தனாரிடம் சொல்லித் துருவைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பூசச் சொல்லுங்கள். மாடியில் தண்ணீர் போகும் குழாய் வாயை மாதம் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள்.

பங்குனியில் மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயில் திரும்பிப் போகும், வீடு குளிரும். அகமதாபாத் நகரத்தில் 2017-ல் ஏழைகள் வீட்டுக் கூரைகளுக்கு இப்படி வெள்ளை அடிக்கும் வேலையைத் தொடங்கினார்கள். சுண்ணாம்பு கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கவனம்!

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்காதீர்கள், துளை போடாதீர்கள், காய்ந்த விளக்குமாற்றால் கூட்டாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருஷம் கழித்துப் புற்றுநோய் வரலாம். ஓடு, ஷீட் எதன் மேலும் நேராகக் கால் வைக்காதீர்கள். ஏணியும் பலகையும் வேண்டும், கீழே பிடிக்க ஒரு ஆளும் வேண்டும்.

அரசு உதவி

2000-01-க்கு முன்பு அரசுத் திட்டங்களில் கட்டிய கிராமப்புற வீடுகளைச் சீர்செய்ய, ஊரக வீடுகள் சீரமைப்புத் திட்டத்தைத் தமிழக அரசு 2024-ல் அறிவித்தது. சுற்று ஊராட்சிகளில் உள்ளவர்கள் இப்போது என்ன உதவி உண்டு என்று ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள். பாலசமுத்திரம் பேரூராட்சி என்பதால் இங்குள்ளவர்கள் பேரூராட்சி அலுவலகத்தில் விசாரிக்கணும்.

அந்த உறுப்பினர் என்ன செய்தார்?

ஆசாரி வந்து தட்டிப் பார்த்தார். மூன்று சட்டமும் சில ரீப்பரும்தான் கெட்டிருந்தன. அதை மட்டும் மாற்றினார்கள். பிளாஸ்டிக் பாயைக் கழற்றி, சந்தைத் திறந்து வலை அடித்தார்கள். கேட்ட கடனில் கால்பங்கு போதுமாக இருந்தது. மகள் பீசும் கட்டியாச்சு. "முன்னாடியே அண்ணாந்து பாத்திருக்கலாம்க்கா" என்றார்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

* நம் வீட்டுச் சமையல்கட்டில் ஆவி எந்த வழியாக வெளியே போகிறது?
* கடைசியாக எப்போது கூரையைப் பார்த்தோம்?
* வீடு ரிப்பேருக்குக் கடன் கொடுக்கும் முன், உறுப்பினர்கள் போய்ப் பார்க்கிறோமா?

இன்றைக்கு அடுப்பு பற்றவைக்கும்போது ஒரு நிமிஷம் மேலே பாருங்கள், தோழிகளே!