சக்திக்கேற்ற தவம்: உணவு நோயினின்று மீள்வோர் பச்சையுணவு விரதம் ஏற்கலாமா?



தசலட்சண பர்வம் நெருங்கும் காலத்தில் நம் இல்லங்களில் எழும் பேச்சு பெரும்பாலும் விரதத்தைப் பற்றியதாகவே இருக்கும். எத்தனை நாள் உபவாசம், யார் ஒருவேளை உணவு, எவர் எந்தச் சுவையை விடுகின்றனர் என்று பெரியோர் வினவுவர். இளையோர் உவகையுடன் விடை கூறுவர். அத்தகைய ஓர் இல்லத்தை மனத்திற்கொண்டு இப்பாடத்தைத் தொடங்குவோம்.

அவ்வில்லத்து மகளுக்கு வயது 19. சென்ற ஆண்டு அவள் உணவை மெல்ல மெல்லக் குறைத்தாள். முதலில் நெய்யை விட்டாள், பின்னர் இனிப்பை, பின்னர் காலை உணவை. உடல் மெலிந்து, மயங்கி விழுந்த பின்னரே அது நோய் என்று பெற்றோர் உணர்ந்தனர். பல மாதச் சிகிச்சைக்குப் பின் இப்போது ஒருவாறு தேறி வருகிறாள். இந்நிலையில் ஒருநாள், “இனி அடுப்பில் வெந்த எதையும் உண்ணமாட்டேன். பாலும் மோரும் உயிர்களுக்குத் துன்பம் தருவன, அவற்றையும் விடுகிறேன். காய், கனி, தேங்காய், ஊறவைத்த பயறு இவையே எனக்குப் போதும். இதையே விரதமாக ஏற்கிறேன்” என்கிறாள். பாட்டியார் பேத்தியின் வைராக்கியத்தைப் போற்றுகிறார். தாயார் வாய்திறவாது அழுகிறார். தந்தையார், “விரதத்தைத் தடுத்தால் பாவமாகுமோ?” என்று கலங்குகிறார்.

அவருக்கு நாம் கூறத்தக்க விடை யாது? மருத்துவ நூலும் நம் ஆகமமும் இதில் என்ன கூறுகின்றன என்பதை முறையே ஆராய்வோம்.

1. நோயின் இயல்பு

அனோரெக்சியா நெர்வோசா என்னும் பெயரை இந்நோய்க்கு இட்டவர் இங்கிலாந்து மருத்துவரான சர் வில்லியம் கல். 1873ஆம் ஆண்டில் அவரும், பிரான்சு நாட்டு லசேக் என்பாரும் தனித்தனியே இதனை விளக்கினர். பசியின்மை என்று இதனை மொழிபெயர்ப்பது பொருந்தாது. நோயருக்குப் பசி உண்டு. ஆயினும் உண்ணவும் உடல் பருக்கவும் அஞ்சும் அச்சம் அப்பசியை வென்று நிற்கிறது. மிகுதியாக உண்டு பின் வலிந்து வெளியேற்றும் புலிமியா என்பது இதன் உறவான மற்றொரு நோய். அதனை 1979இல் ஜெரால்டு ரஸ்ஸல் வரையறுத்தார். தூய உணவு, நல்ல உணவு என்ற எண்ணமே பிடிவாதமாகி, உண்ணும் பொருள்கள் நாளுக்கு நாள் சுருங்கும் நிலைக்கு 1997இல் ஸ்டீவன் பிராட்மன் என்னும் அமெரிக்க மருத்துவர் ஆர்த்தோரெக்சியா என்று பெயரிட்டார். இவை பெண்களுக்கு மட்டும் வருவன அல்ல, ஆடவரையும் பற்றும். மனநோய்களுள் உயிருக்கு மிகுந்த ஆபத்து விளைப்பனவற்றுள் அனோரெக்சியாவும் ஒன்று என்பதை மறத்தலாகாது.

பட்டினியே மனத்தைத் திரிக்க வல்லது என்பதற்கு ஒரு சான்றுண்டு. இரண்டாம் உலகப்போரின் இறுதிக்காலத்தில், கொலைத்தொழில் புரிய மனமின்றிப் போருக்குச் செல்ல மறுத்த 36 அமெரிக்க இளைஞர்கள், மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வுக்குத் தாமே முன்வந்தனர். போரினால் பசித்தோரை மீட்கும் வழியறிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். 24 வாரங்கள் குறைந்த உணவில் இருந்தபின், நல்லுடலும் திடமனமும் கொண்டிருந்த அவ்விளைஞர்கள் சோர்வும் சினமும் உற்றனர். அவர்தம் எண்ணமெல்லாம் உணவைச் சுற்றியே சுழன்றது. சிலர் சமையல் நூல்களைத் தேடிச் சேர்த்தனர். உணவை விடுவதனால் உணவின்மீதுள்ள பற்றுத் தானே நீங்கிவிடும் என்று கருதுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். அளவிறந்த பட்டினியில் பற்று அறுவதில்லை. மனம் உணவோடு மேலும் பிணைக்கப்படுகிறது.

2. பச்சையுணவின் நிறையும் குறையும்

பால் முதலியவற்றையும் விலக்கிய தாவர உணவை உண்போருக்கான சங்கம் 1944ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் முதலியோரால் தொடங்கப்பட்டது. அவ்வுணவையே தீயில் வேகவைக்காது உண்பது பச்சையுணவு முறை. நம் நாட்டில் இதனை இயற்கை உணவு என்பர். காய்கனிகளை மிகுதியாக உண்பது நலமே. அதனை எவரும் மறுக்கவில்லை. அதனை மட்டுமே உண்பது, அதிலும் நோயினின்று மீள்வோர் உண்பது, வேறு செய்தி.

பச்சைக் காய்களில் நீரும் நாரும் மிகுதி; உடலுக்கு வேண்டிய ஆற்றல் குறைவு. சிறிதளவிலேயே வயிறு நிறைந்துவிடும். இழந்த உடலை மீட்க வேண்டிய ஒருவருக்கு இது நேர்மாறான விளைவைத் தரும். பி12 என்னும் உயிர்ச்சத்து தாவர உணவில் நம்பத்தக்க அளவில் இல்லை. பாலையும் விட்டவர் அதனை மருந்தாக உட்கொண்டே தீரவேண்டும். சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் குறைய இடமுண்டு.

ஜெர்மனியில் கீசன் பல்கலைக்கழகத்தார், நெடுங்காலம் பச்சையுணவு உண்ட 216 ஆடவரையும் 297 மகளிரையும் வினவி 1999இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். அதில் 45 வயதிற்கு உட்பட்ட மகளிருள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர்க்கு மாதவிலக்கு ஒழுங்கு தவறியோ முற்றும் நின்றோ போயிருந்தது. 2005இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் 18 பச்சையுணவாளரை ஆராய்ந்தபோது, அவர்தம் இடுப்பெலும்பும் முதுகெலும்பும் அடர்த்தி குறைந்திருந்தன. அனோரெக்சியா நோயும் இவ்விரண்டையே, அதாவது மாதவிலக்கையும் எலும்பையும், முதலிற் கெடுக்கிறது. முன்னரே தேய்ந்த இடத்தை மீண்டும் தேய்க்கலாமா?

3. சச்சித்தம் பற்றிய ஆகம நெறி

பச்சையாக உண்பதே அகிம்சை என்பது அம்மகளின் எண்ணம். நம் ஆகம நெறியோ இதற்கு மாறானது. இல்லறத்தார்க்குரிய பதினொரு படிமைகளுள் ஐந்தாவது சச்சித்தத் தியாகம். உயிருள்ள நிலையிலுள்ள காய், கனி, இலை, கிழங்கு, முளை, விதை ஆகியவற்றைப் பச்சையாக உண்பதை விடுதலே அப்படிமை. அந்நிலை எய்திய சிராவகர் நீரையும் காய்ச்சியே பருகுவர். தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி ஆசாரியர், போகோபபோகப் பரிமாண விரதத்தின் அதிசாரங்களைக் கூறுமிடத்து, சச்சித்த ஆகாரத்தையும் சரிவர வேகாத உணவையும் அவற்றுள் வைத்துள்ளார். கிழங்கு வகைகள் நமக்கு விலக்கு. முளைவிட்ட தானியத்தையும் விலக்குவோர் பலர். எனவே பிறர்க்குரிய பச்சையுணவு முறையை நம் இல்லத்தார் மேற்கொண்டால், எஞ்சும் பொருள்கள் மிகச் சிலவே. உணவைச் சுருக்கத் துடிக்கும் நோய்க்கு இது பெருவாய்ப்பாகிவிடும்.

பாலை விடுதல் பற்றிய கருத்து வேறு. இக்காலப் பால்பண்ணைகளில் கன்றுக்கும் பசுவுக்கும் நேரும் துன்பத்தை எண்ணிப் பாலை விட்ட சைனர் பலர் உளர்; அவர்தம் கருணை போற்றத்தக்கது. அக்கருணையை அம்மகளிடத்தும் நாம் பழித்தலாகாது. அவளிடம், “உன் எண்ணம் நன்று, அதற்குரிய காலம் இதுவன்று” என்று கூறலாம். முழுநலம் பெற்று நெடுநாள் நிலைத்த பின், மருத்துவர், உணவியலார் துணையுடன், வெந்த உணவும் பி12 மருந்தும் கொண்டு அதனை மேற்கொள்ள வழியுண்டு.

4. தவமும் மூன்று சல்லியங்களும்

தீர்த்தங்கர நாமகருமத்துக்குக் காரணமான பதினாறு பாவனைகளுள் சக்திக்கேற்ற தியாகமும் சக்திக்கேற்ற தவமும் இடம்பெற்றுள்ளன. தவம் என்று மட்டும் கூறாது, சக்திக்கேற்ற என்னும் அடைமொழியை ஆசாரியர் வைத்ததன் காரணம் யாது? சக்தியை ஒளித்துச் சோம்பியிருத்தலும் குற்றம். சக்தியைக் கடந்து உடலைக் கெடுத்தலும் குற்றம். நோயினின்று மீளும் காலத்தில் உடலின் சக்தியை அளந்து கூறத்தக்கவர் மருத்துவரே.

விரதிக்கு மற்றோர் இலக்கணமும் உண்டு. மாயை, மித்யை, நிதானம் ஆகிய மூன்று சல்லியங்கள் நீங்கியவனே விரதி. சல்லியமாவது உள்ளே தைத்து நின்று உறுத்தும் முள். இம்மூன்றையும் இந்நோயோடு பொருத்திக் காண்போம். உண்டதாகக் கூறி உணவை மறைத்தலும், மெலிய வேண்டும் என்னும் விருப்பத்தை விரதத்தின் பெயரால் மூடுதலும் மாயை. மெலிந்த உடலை இன்னும் பருத்தது என்று காணுதல் மெய்யல்லாத காட்சி. தவத்திற்குப் பயனாக உடலழகையோ பிறர் பாராட்டையோ விழைதல் நிதானம். இம்முட்கள் இருக்கும்வரை, எத்துணைக் கடுமையாயினும் அது விரதமாகாது. இதனை நோயரைக் குற்றம் சாட்டுவதற்குப் பயன்படுத்துதல் கூடாது. முள் தைத்தவரை எவரும் வைவதில்லை. முள்ளை எடுக்கவே முயல்வர்.

சிலர், உண்ணா நோன்பால் உடலை விடுதலும் நம் மரபில் உண்டே என்பர். சல்லேகனை என்பது நீக்கவியலாத இடையூறு, பஞ்சம், மூப்பு, தீராப் பிணி ஆகியவை நேர்ந்தபோது மட்டுமே கூறப்பட்டது. சிகிச்சையால் தீரும் நோயுடைய இளம்பெண்ணின் பட்டினியை அதனோடு ஒப்பிடுதல் பெரும்பிழை. தன்னுயிர்க்குச் செய்யும் இம்சையும் இம்சையேயாகும்.

5. ஆதிநாதர் வரலாறு தரும் பாடம்

சினசேனாசாரியரின் ஆதிபுராணம் கூறும் வரலாறு நாம் சிறுவயது முதல் கேட்டது. விருஷபதேவர் துறவு பூண்டபோது, அவர்பால் கொண்ட அன்பினால் நாலாயிரம் அரசர்களும் உடன் துறந்தனர். பகவான் ஆறு மாதம் அசையாது நின்றார். அரசர்களோ அந்நெறியின் பொருளை உணர்ந்தவரல்லர். பசி பொறாது தளர்ந்து, காட்டுக் கனிகளையும் கிழங்குகளையும் பறித்து உண்ணத் தலைப்பட்டு, வேடம் மாறி நெறி பிறழ்ந்தனர். பிறர் தவத்தைக் கண்டு, தம் சக்தியை அளவாது மேற்கொண்ட தவம் எங்கே கொண்டுசென்றது என்பதை நோக்குக.

பகவானும் பின்னர் ஆகாரம் நாடிப் புறப்பட்டார். உடலை வீணே வாட்டுதலும் ஆகாது, சுவைமிக்க உணவால் கொழுக்க வைத்தலும் ஆகாது என்னும் நடுநெறியைப் பின்வரும் துறவியர்க்குக் காட்டுதற்கே அவர் அவ்வாறு சென்றார். அத்தினபுரத்தில் சிரேயாம்சன் அளித்த கரும்பின் சாற்றை அவர் ஏற்ற நாளையே அட்சய திருதியையாகக் கொண்டாடுகிறோம். நம் முதல் பெருவிழாக்களுள் ஒன்று உண்ணாத நாளை நினைவூட்டவில்லை. உண்ட நாளையே நினைவூட்டுகிறது.

6. இல்லத்தார் செய்யத்தக்கன

அ. இந்நோய்க்கு உணவே மருந்து. நாள்தோறும் மூன்று முழு உணவும் இரண்டு மூன்று சிற்றுணவும் ஒழுங்காக உண்பதே மீட்சிக்கு அடிப்படை. இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான முறையில், இளையோர்க்கு உணவளிக்கும் பொறுப்பை முதலில் பெற்றோரே ஏற்று, தேறத் தேறச் சிறிது சிறிதாக அவர்களிடம் ஒப்படைப்பர்.

ஆ. நம் மரக்கறி உணவிலேயே இது முற்றும் இயலும். முட்டையோ புலாலோ வேண்டுவதில்லை. பருப்பும் நெய்யும் சேர்ந்த சோறு, பொங்கல், வேர்க்கடலை, எள்ளுருண்டை, பால் ஆகியவற்றைக் கொண்டு உணவுத் திட்டம் வகுக்குமாறு உணவியலாரைக் கேட்கலாம். காலையில் முன்னதாகத் தொடங்கினால் எல்லா வேளையும் கதிரவன் மறைவதற்குள் அடங்கும். மருத்துவர் இரவிலும் உணவு வேண்டும் என்பாராயின், அக்காலத்திற்கு அதனை மருந்தாகக் கொள்க.

இ. நெடுநாள் பட்டினி கிடந்தவர்க்கு வீட்டிலேயே திடீரென மிகுதியாக ஊட்டுதல் ஆபத்து. இரத்தத்தில் பாஸ்பேட் முதலிய உப்புகள் குறைந்து இதயம் பாதிக்கப்படலாம். மருத்துவர் மேற்பார்வை இன்றியமையாதது.

ஈ. விடும் பொருள்களின் பட்டியல் நீளுதல், தனித்து உண்ணுதல், எண்ணெயைக் கண்டு அஞ்சுதல், அடிக்கடி உடலை அளத்தல் ஆகியவை நோய் திரும்புவதன் அறிகுறிகள். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, மாதவிலக்கு நிற்றல் நேரின் உடனே மருத்துவரை நாடுக. 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையில் 14416 என்னும் எண்ணில் தமிழிலும் மனநல ஆலோசனை பெறலாம்.

உ. உடல் மெலிவையோ பெருக்கத்தையோ பற்றி, புகழ்ச்சியாகவேனும், நோயர் முன் பேசுதல் கூடாது. உபவாசம் இருந்தோரை அவர்முன் மிகையாகப் பாராட்டுதலும் தவிர்க்கத்தக்கது.

ஊ. அவள் தவம் செய்ய விழைந்தால் வழியுண்டு. புறத்தவம் ஆறு என்றால் அகத்தவமும் ஆறு. பிராயச்சித்தம், வினயம், வையாவிருத்தியம், சுவாத்தியாயம், வியுத்சர்க்கம், தியானம் ஆகிய இவற்றுள் ஒன்றும் உணவைக் குறைக்கச் சொல்லவில்லை. பர்வ நாள்களில் அருங்கலச்செப்பைப் படித்துப் பொருள் கூறும் பணியை அவளிடம் அளிக்கலாம். அவளுக்கு ஊட்டும் தாயாரோ, பிணியுற்றார்க்குத் தொண்டு என்னும் வையாவிருத்தியத் தவத்தையே செய்கிறார்.

முடிவுரை

தந்தையார் வினாவுக்கு இப்போது விடை கூறலாம். அவர் தடுப்பது விரதத்தை அன்று. விரதத்தின் உருவில் வந்த நோயையே. ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானமும் அவ்வில்லத்தில் ஒருங்கே நிகழ்கின்றன. உணவும் மருந்தும் ஒன்றாய் அமைந்தன; நல்லறிவு புகட்டுவது சாத்திர தானம்; “அஞ்சாதே, நாங்கள் உடனிருக்கிறோம்” என்பது அபய தானம். பாட்டியார் தம் கையால் ஒரு கவளம் பிசைந்து பேத்திக்கு ஊட்டுவாராயின், அவ்வாண்டுப் பர்வத்தில் அவ்வில்லம் செய்த மேலான அறம் அதுவேயாகும்.

சிந்தித்தற்குரிய வினாக்கள்

1. சக்திக்கேற்ற தவம் என்பதில் சக்தியை அளப்பவர் யார்?
2. மூன்று சல்லியங்கள் யாவை? உணவு நோயில் அவை எங்ஙனம் தோன்றும்?
3. சச்சித்தத் தியாகம் எத்தனையாவது படிமை? அது பச்சையுணவு முறையினின்று எங்ஙனம் வேறுபடுகிறது?
4. நம் இல்லத்தில் உபவாசம் ஏற்க இயலாதவர் இருப்பின், அவர்க்கு எந்த அகத்தவத்தை அளிக்கலாம்?