பொட்டை எடுத்துவிட்டுப் பாருங்கள்

எங்கள் ஊர் தேவாரம் பக்கம் தோலில் வெள்ளையாக எது வந்தாலும் இரண்டே பெயர்தான். சின்னதாக இருந்தால் தேமல். பெரிதானால், குரலைத் தாழ்த்திக்கொண்டு, குஷ்டம். நெற்றியில் பொட்டு வைக்கும் இடம் மிளகு அளவுக்கு வெளுத்தபோது இரண்டையும் எனக்குச் சொன்னார்கள். இரண்டும் இல்லை.

எல்லாவற்றையும்விட என்னைக் கெடுத்தது மாமியாரின் யோசனை. "பெருசா ஒரு பொட்ட வச்சுக்க தாயி, வெளிய தெரியாது." ஸ்டிக்கர் பொட்டு பெரிதாகப் பெரிதாக வெள்ளையும் கூடவே வளர்ந்தது, அதே வட்டத்தில், ஓரம்கூடப் பிசகாமல். போதாததற்கு, மெடிக்கலில் சீட்டு இல்லாமலே ஓர் ஆயின்மென்ட் கொடுத்தார்கள். ஸ்டீராய்டு கலந்தது. தோல் மெலிந்து சிவப்புச் சிவப்பாக நரம்பு தெரிந்ததுதான் மிச்சம்.

க.விலக்கு பெரியாஸ்பத்திரியில் தோல் டாக்டர் எடுத்த எடுப்பில் கேட்டது, "என்ன பொட்டு வைக்கிறீங்க?" என்றுதான். பொட்டின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்றொரு ரசாயனம் இருக்குமாம். ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களையே அது அழித்துவிடும். சில ரப்பர் செருப்பிலும் இந்த வம்பு உண்டு. பாதத்தில் வார் படும் இடம் அப்படியே வெளுக்கும். பொட்டை நிறுத்தி மருந்து போட்டதில் எனக்கு நிறம் மெல்லத் திரும்பியது. சிலருக்குத் திரும்பாது, மற்ற இடங்களுக்கும் பரவும். ஆகவே இன்றைக்கே நிறுத்துங்கள். புருஷன் இருக்க வெறும் நெற்றியா என்பார்கள். அவரே கேட்கவில்லை, ஊருக்கு என்ன?

மற்ற வெள்ளைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுரண்டினால் தவிடு போல உதிர்வது தேமல், அது பூஞ்சை. பிள்ளைகள் கன்னத்து மங்கல் வெளுப்புக்குப் பூச்சி மருந்து கொடுக்காதீர்கள். பெரும்பாலும் வறண்ட தோல்தான். பால் வெள்ளையாக, உதிராமல், உணர்ச்சியோடு இருந்தால் வெண்புள்ளி, யாருக்கும் ஒட்டாது. தொழுநோய்ப் படை அவ்வளவு வெளுக்காது. மங்கலாகவோ செம்பு நிறத்திலோ இருக்கும். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொடுங்கள். தொட்டது தெரியவில்லை என்றால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம் போங்கள். மாத்திரை இலவசம், வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம்.

நகத்தில் வெள்ளைப் புள்ளி என்றால் எங்கோ இடித்திருப்பீர்கள். கால்சியம் டானிக் தண்டம். ஏலத்தோட்டத்து மழையில் காய் எடுக்கிற கைதானே நமக்கு, எந்நேரமும் ஈரம். நகம் வெளுத்துத் தூளாக உதிர்ந்தால் பூஞ்சையாக இருக்கும். பத்து நகமும் வெளுத்தால் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வாய்தான் முக்கியம். தோட்டத்துக்கு ஜீப் மலையேறும் முன்பே புகையிலையை அடக்கிக்கொள்கிற கூட்டம் நாம். உள்கன்னத்து வெள்ளை, துணியால் துடைத்தால் வந்துவிட்டால் அனேகமாகப் பூஞ்சை. வராமல் ஒட்டிக்கொண்டு தடித்திருந்தால் பின்னால் புற்றாகலாம். மாமியார் கொட்டாவி விட்டபோது அப்படி ஒன்றை நான்தான் பார்த்து, வம்படியாக இழுத்துப் போனேன். சதை எடுத்துச் சோதித்ததில் புற்று இல்லை. புகையிலையை விட்டே ஆகவேண்டும் என்றார்கள். விட்டுவிட்டதாகத்தான் சொல்கிறார். முந்தானை முடிச்சை நான் அவிழ்த்துப் பார்ப்பதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.