வீட்டு முயலும் தாணே வெயிலும்

முயல் வளர்க்கப் புகும் எவரும் முதலில் கேள்விப்படுவது, அது விரைந்து பெருகும் பிராணி என்பதே. சூல் காலம் ஏறத்தாழ 31 நாள். ஓர் ஈற்றில் ஆறு முதல் எட்டுக் குட்டிகள். நன்கு வளர்த்தால் மூன்று மாதத்தில் குட்டி 2 கிலோ எடையை நெருங்கும். இந்தக் கணக்கை நம்பித்தான், தாணேயில் எங்கள் வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகையில், சென்ற ஜனவரியில் இரண்டு பெண் முயல்களும் ஓர் ஆண் முயலும் குடியேறின. அப்பா வேலை பார்த்த பட்டறை மூடப்பட்டு அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியும் நின்றுபோயிருந்தது. விலங்கியல் முதுகலை பயிலும் மகன் வீட்டிலிருக்க நமக்கென்ன குறை என்று அப்பா நினைத்தார்.

தமிழில் எல்லாவற்றையும் முயல் என்றே சொல்லிவிடுகிறோம். நம் ஊர்ப் புதர்களில் ஓடும் காட்டு முயல் வேறு. கூண்டில் வளரும் முயல் வேறு. முன்னது கண் திறந்த, மயிர் முளைத்த குட்டியை ஈனும். பின்னதன் குட்டியோ கண் மூடி, மயிரின்றிப் பிறக்கும். குரோமோசோம் எண்ணிக்கையும் 48, 44 என வேறுபடும். வளர்ப்பு முயலின் முன்னோர் ஸ்பெயின், போர்த்துகல் பக்கத்தினர். காட்டு முயலை வேட்டையாடுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஆகவே இங்கே நான் பேசுவது வளர்ப்பு முயலைப் பற்றி மட்டுமே.

அதை முறையாக வளர்ப்பதை நான் முதலில் கண்டது, விடுமுறையில் மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது, கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூரில். இராஜஸ்தானத்து அவிகாநகரில் 1962இல் தோன்றிய மத்திய ஆட்டு, கம்பள ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டலக் கிளை அங்கே 1965இல் ஏற்பட்டது. வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா என்னும் இறைச்சி இனங்கள் அங்கே வளர்கின்றன. நண்பகலிலும் குளிர் விடாத ஊர் அது. அங்கே கண்டதை அப்படியே தாணேயில் எதிர்பார்த்தது என் தவறு.

பெண் முயலுக்கு மாதந்தோறும் சினை முட்டை தானாக வெளிப்படுவதில்லை. இணைசேர்ந்த பின்னர், ஏறத்தாழ பத்து மணி நேரத்தில்தான் வெளிப்படும். பெண்ணை ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்றிச் செய்தால் தன் இடத்துக்கு வந்தவனைப் பெண் கடித்துவிடும். இவையெல்லாம் அறிந்தே ஏப்ரலிலும் மே மாதத்திலும் நான்கு முறை சேர்த்தேன். ஒரு குட்டியும் இல்லை. ஜூனில் மழை வந்தது. ஐந்தாம் முறையும் வீண்.

“இரண்டும் மலடு. அறுத்துவிடலாம்” என்றார் அப்பா.

“எந்த வீட்டிலும் முதல் பழி பெண்ணுக்குத்தானே!” என்றாள் அம்மா, அரிசி களைந்துகொண்டே. அன்றிரவு என்னால் படிக்க முடியவில்லை. அதுவரை நானும் பெண் முயல்களைத்தான் சோதித்துக்கொண்டிருந்தேன்!

முயலுக்கு வியர்வை இல்லையென்றே சொல்லலாம். உடல் வெப்பத்தை அது பெரும்பாலும் காதின் வழியாகவும் மூச்சின் வழியாகவுமே வெளியேற்றுகிறது. வெப்பம் 30 பாகையைத் தாண்டி நீடித்தால் ஆண் முயலின் விந்தணுக்கள் குறைந்து, வலுவிழக்கின்றன. எங்கள் தகரக் கூரையின் கீழ் மே மாத நண்பகலில் நான் அளந்தது 41 பாகை. கோவைப் பக்கத்து வறண்ட காற்றில் ஈரச் சாக்குத் தொங்கவிட்டால் குளிரும். தாணேயின் ஈரக் காற்றில் சாக்கு உலர்வதே இல்லை, பிறகு எப்படிக் குளிரும்?

“வெயில்தான் போய்விட்டதே, இன்னும் என்னடா?” என்று அப்பா கேட்டது நியாயமான கேள்வி. விந்தணு ஒன்று உருவாகி முதிர்ந்து வெளிவர ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். ஆகவே மே மாதத்து வெயிலின் தீங்கு ஜூலை முடியும்வரை தொடரக்கூடும்.

அறுப்பதற்கு ஒரு மாதம் தவணை கேட்டேன். யேவூர்க் குன்றில் என் வகுப்புத் தோழன் ஒருவன் மாமர நிழலில் முயல் வளர்க்கிறான். ஜூன் இறுதியில் ஒரு பெண் முயலைக் கூடையில் வைத்து அங்கே கொண்டுபோனேன். மற்றதை அதே நாளில் எங்கள் ஆணுடன் சேர்த்தேன். பதின்மூன்றாம் நாள் வயிற்றை மெல்லத் தடவிப் பார்த்தபோது, யேவூர் போய்வந்தவளிடம் திராட்சைபோல் உருண்டைகள் நழுவின. மற்றவளிடம் ஒன்றுமில்லை. ஜூலை இறுதியில், தன் வயிற்று மயிரைப் பிய்த்துப் பெட்டியில் மெத்தையிட்டு, அவள் ஆறு குட்டி ஈன்றாள். ஆகஸ்டு நடுவில் எங்கள் ஆணுடனேயே சேர்த்த மற்றவளும் செப்டம்பரில் ஐந்து ஈன்றாள். மலடு என்ற பேச்சு அதோடு நின்றது.

குட்டிகளைத் தாய் கவனிக்கவில்லை என்று அம்மா பதறினாள். தாய் முயல் நாளுக்கு ஒரு தடவை, சில நிமிடமே பால் தரும். குட்டியின் வயிறு உப்பியிருந்தால் கவலை வேண்டாம். தன் மென்மையான கழிவை முயல் திரும்ப உண்பதும் நோயன்று. தழையிலுள்ள சத்தை அது அப்படித்தான் முழுதும் பெறுகிறது. முருங்கை, அகத்தித் தழைகளைச் சற்று வாடவிட்டுத் தருகிறோம். காய்கறிக் கடையில் கழித்த கோஸ் இலையை மிகுதியாகப் போட்டு ஒரு குட்டியை வயிறு ஊதி இழந்தோம். அது என் அவசரம்.

யேவூர் ஈற்றுக் குட்டிகளில் இரண்டு தீபாவளிக்கு மிளகு வறுவலாயின. கொழுப்புக் குறைந்த இறைச்சியாதலால் எண்ணெய் சற்றுக் கூடுதலாக வேண்டும். கூரையின் அடியில் தென்னங்கீற்றுப் பரப்பிவிட்டோம். இந்த மார்ச்சு முதல், உறையவைத்த தண்ணீர்ப் புட்டி ஒன்று நாள்தோறும் நண்பகலில் ஆண் முயலின் கூண்டுக்குப் போகிறது. வைப்பவர் அப்பா.