மழை இறங்குமுன் டிக்கியைத் திறந்து பாருங்கள்

புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கும் நேரம். ஓசூருக்கு வருஷத்தின் நல்ல மழை கிடைப்பது இந்த வாரங்களில்தான். ஆயுத பூஜையும் இதை ஒட்டியே வரும். சிப்காட் லாரியிலிருந்து சொந்த ஆல்டோ வரை எல்லா வண்டியும் வாட்டர் சர்வீஸுக்குப் போய் குளித்து, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பும். அது முடிந்த கையோடு கார் செட்டுக் கடைகளில் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஒரே புகார்தான்: "அண்ணா, சப் முன்ன மாதிரி அடிக்க மாட்டேங்குது. தீபாவளிக்குப் புதுசு போட்டுடலாமா?"

பணத்தை எடுக்குமுன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சப்ஊஃபர் முரட்டுச் சாமான்: ஒரு காந்தம், ஒரு காயில், ஒரு கூம்பு. அதைவிட அதற்குக் கரண்ட் கொண்டுவரும் ஒயரும் போல்ட்டும்தான் முதலில் கெடும். மழைக்காலத்தில் அதிலும் முதல் சந்தேகம் எர்த் மேல்.

ஆம்ப்பிலிருந்து கிளம்பும் கறுப்பு ஒயர், டிக்கித் தரையிலோ பின்சீட்டுக்கு அடியிலோ பாடித் தகட்டில் ஒரு போல்ட்டோடு முடியும். பிரஷர் கன் தண்ணீர் தேய்ந்துபோன பின்கதவு ரப்பர் வழியே புகுந்து ஸ்டெப்னிப் பள்ளத்தில் தேங்கினால், கார்ப்பெட்டுக்கு அடியில் அந்த ஈரம் நாள்கணக்கில் காயாது. பெயிண்ட் சுரண்டிய இடத்தில் துரு ஏறும். ஒயர் நுனியில் இருக்கும் லக்குக்கும் தகட்டுக்கும் நடுவே உட்காரும் அந்தத் துருவே கரண்ட்டை மறிக்கிறது. மெதுவான பாட்டில் எதுவும் தெரியாது. தவில் அடி வரும்போது மட்டும் சத்தம் சப்பென்று விழும், ஆம்ப்பில் சிவப்பு புரொடெக்ட் விளக்கு மின்னி அணையும்.

கண்ணால் பார்த்து நம்பாதீர்கள், மல்டிமீட்டரை வையுங்கள். டிசி வோல்ட்டில் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும், இன்னொன்றை நீள ஒயர் சேர்த்து ஆம்ப்பின் எர்த் முனையிலும் வைத்து, கனமான பாஸ் உள்ள பாட்டை ஓடவிடுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் நின்றால் எர்த்தைத் தொடவே வேண்டாம். அரை வோல்ட்டைத் தாண்டிக் குதித்தால் குற்றவாளி கிடைத்துவிட்டான். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு போல்ட்டை எடுங்கள், வெள்ளைத் தகடு தெரியும்வரை உப்புத்தாளால் தேயுங்கள், லக்கையும் தேயுங்கள். இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள் (இறுக்குமுன் அல்ல). எர்த் ஒயர் முக்கால் முழம், ஒரு முழத்துக்கு மேல் நீள வேண்டாம். பாசிட்டிவ் ஒயர் எவ்வளவு தடிமனோ அதே தடிமன் இதற்கும் வேண்டும். சீட்பெல்ட் போல்ட்டில் எர்த் அடித்திருந்தால் இன்றே மாற்றுங்கள். அது உயிரைப் பிடித்து நிறுத்தும் போல்ட்.

அடுத்தது வோல்டேஜ். அத்திப்பள்ளியில் தொடங்கி எலக்ட்ரானிக் சிட்டி வரை மழை நாளில் வண்டி நகராது என்பது தினமும் பெங்களூரு போய்வருகிறவர்களுக்குத் தெரியும். ஏசி, வைப்பர், ஹெட்லைட், ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் ஓட, எஞ்சின் மட்டும் ஐடிலில் இருக்கும். ஐடிலில் ஆல்டர்னேட்டர் முழுக் கரண்ட் தராது. 500 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் வாட்) ஆம்ப் முழு அடியில் 50 ஆம்பியரை ஒட்டிக் கேட்கும். வோல்டேஜ் இறங்கும், ஆம்ப் திணறும், சத்தம் கிழியும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.4 வரை வழக்கமாகக் காட்டும். ஸ்மார்ட் சார்ஜிங் உள்ள சில புது வண்டிகளில் 13-க்குக் கீழே போவதும் இயல்பே. பாஸ் அடிக்கும்போது ஆம்ப் முனையில் 12-க்குக் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். நெரிசலில் வால்யூமைக் குறையுங்கள், எஞ்சினை அணைத்துவிட்டுப் பாட்டு கேட்காதீர்கள். பழைய பேட்டரியானால் மழை கனக்குமுன் லோடு டெஸ்ட் செய்துவிடுங்கள்.

எர்த்தும் வோல்டேஜும் சரியாக இருந்தும் பொத பொதவென்று கேட்டால், யாரோ கெயினைக் கடைசிவரை திருகியிருப்பார்கள். கெயின் என்பது வால்யூம் இல்லை. செட்டிலிருந்து வரும் சிக்னலுக்கு ஆம்ப்பைப் பொருத்தும் திருகு. சப் ஒயரைக் கழற்றி, பாஸ் பூஸ்ட்டை முழுக்க அணைத்து, செட்டை முக்கால் வால்யூமில் வைத்து 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனை ஓடவிடுங்கள். ஆம்ப்பின் வாட்டை சப்பின் ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வர வேண்டிய ஏசி வோல்ட் கிடைக்கும். 300 வாட், 4 ஓம் என்றால் சுமார் 34.6. மீட்டர் அதைத் தொடும்போது திருகை நிறுத்துங்கள். லோ பாஸை 80 ஹெர்ட்ஸ் பக்கம் வையுங்கள். இரண்டு சப் இருந்து பாஸ் மெலிந்தால், ஒன்றில் ப்ளஸ் மைனஸ் மாறியிருக்கலாம். ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும்.

ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் கூடவே ஏறும் "ஙொய்ய்" சத்தம் வேறு கதை. செட்டிலிருந்து சிக்னல் கொண்டுவரும் ஆர்சிஏ ஒயரும் பவர் ஒயரும் ஒரே பக்கமாக ஒட்டி ஓடுகின்றனவா என்று பாருங்கள், ஒன்றை மறுபக்கம் மாற்றுங்கள். மழைக்கு எலியும் பானெட்டுக்குள் வந்து தங்கும். அது கடித்த பவர் ஒயர் பாடியில் பட்டால் தீப்பிடிக்கும். அதனால்தான் பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். இல்லாமல் பொருத்திய வண்டிகள் நிறைய ஓடுகின்றன, எனக்கு அதில்தான் பயம். சப் பொருத்திய எம்டிஎஃப் பெட்டியும் நனைந்தால் மூலை ஊதும், இணைப்பு விடும். பாட்டு ஓடும்போது ஓரங்களில் கை வைத்தால் காற்று கசிவது தெரியும்.

கிருஷ்ணகிரி, ஊத்தங்கரைப் பக்கத்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரை ஒட்டிக் கொட்டியது. நிறுத்திவைத்த வேன்களும் கார்களும் தண்ணீரோடு போயின. பள்ளமான இடத்தில் நிறுத்துகிறவர்கள், சீட்டுக்கு அடியில் இருக்கும் ஆம்ப்பை இப்போதே பின்சீட்டின் முதுகுக்கு மாற்றிப் பொருத்துங்கள். வண்டி நீரில் நின்றுவிட்டால் சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசையே வேண்டாம். முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், பிறகு ஆம்ப்பின் மெயின் ஃபியூஸை. ஆம்ப்பைத் திறக்காமல் அப்படியே கழற்றிக் கடையில் கொடுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் சப்தான் பழுது என்றால், கையால் கூம்பைச் சமமாக அழுத்திப் பாருங்கள். கரகரவென்று உரசினால் காயில் போய்விட்டது. அப்போது பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கோ ஜே.சி. ரோட்டுக்கோ போகலாம். பெட்டியில் பெரிதாக அச்சிட்ட வாட்டை விட்டுவிட்டு ஆர்எம்எஸ் எவ்வளவு என்று கேளுங்கள். ஒயர் வாங்கும்போது நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியமாக இருக்கக்கூடும். தகரம் பூசிய செம்பும் வெளியே வெள்ளையாக இருக்கும், ஆனால் சுரண்டினால் உள்ளே சிவக்கும். அலுமினியம் என்றால் ஒரு சுற்று தடித்த ஒயர் கேளுங்கள், இல்லையென்றால் செம்பே வாங்கிவிடுங்கள்.